நான் தொடங்காத கெர்னல்

பணி அனுபவங்களை எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது, நம் பிரிவைப் பற்றிய நல்ல செய்திகளை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை எழுதப் பிறர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருக்கும் எனக்கு, என்னைத் தவிர வேறு யாரும் எழுத முடியாத ஒன்றைப் பதிவு செய்வதே பொறுப்பாகத் தோன்றுகிறது. ஒரு வியாழக்கிழமை காலையில் நான் என் சக ஊழியர் ஒருவரைச் சந்தேகித்தேன். சந்தேகிப்பது நம் தொழில். அதில் எனக்கு வெட்கமில்லை. யாரைச் சந்தேகிக்காமல் விட்டேன் என்பதில்தான் வெட்கம்.

அப்போது நம் பிரிவு சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. காவிரியின் இரு கரைகளிலும் உள்ள சிற்றூர்களின் மேல்நிலைத் தொட்டிகளில் குளோரின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அங்கங்கே பொருத்தப்பட்ட கருவிகள் விடியற்காலையில் அனுப்பும். அதைக் கணக்கிட்டு, ஆறு மணிக்குள் ஒவ்வொரு தொட்டிக்கும் ‘திறக்கலாம்’ அல்லது ‘நிறுத்துக’ என்று செய்தி அனுப்ப வேண்டும். ஆறரை மணிக்கு ஆபரேட்டர்கள் வால்வைத் திறப்பார்கள். கணக்கைப் பார்த்தவர்கள் இருவர்: நான், கதிரேசன்.

‘நிறுத்துக’ என்று அனுப்பிவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தொட்டியை மூடினால் மக்கள் குடிக்காமல் இருக்கமாட்டார்கள். வாய்க்கால் ஓரத்து அடிபம்புக்குப் போவார்கள். நான் சொல்லப்போகும் நிகழ்ச்சிக்கு முந்தைய மாதம், ஜீயபுரத்தைத் தாண்டியுள்ள ஒரு குடியிருப்பின் தொட்டியைக் காரணமில்லாமல் ஒரு நாள் நிறுத்திவிட்டோம். அன்று அடிபம்புத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் சிலருக்கு வயிற்றுப்போக்கு. அந்தக் குடியிருப்பு கதிரேசனின் மாமனார் ஊர். மறுநாள் அலுவலகத்துக்கு வந்தவர், பையை வைக்கும்போதே சொன்னார்:

“மேடம், இன்னொரு தடவ அந்தத் தொட்டிய மூடுனோம்னா எனக்கு மாமனார் வீட்டுல தலவாழ இல கெடையாது. வெறுந்தரைதான்.”

நான் சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியம் என் மனத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. சந்தேகம் இப்படித்தான் தன் பொருள்களைச் சேர்க்கிறது, நகைச்சுவையைக்கூட விடுவதில்லை.

கணக்கை நாங்கள் நோட்புக்கில்தான் செய்தோம். நீங்கள் தினமும் பிரவுசரில் திறக்கிறீர்களே, கட்டம் கட்டமாக நிரல் எழுதி ஓட்டும் அதே தாள். அதன் பின்னால் கெர்னல் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். நாம் கண்ணால் பார்ப்பது தாள். கணக்குப் போடுவதும், போட்டதை நினைவில் வைத்திருப்பதும் கெர்னல். தாளில் எழுதியிருப்பதும் கெர்னலின் நினைவில் இருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்புவதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இதை நான் அன்றும் அறிவேன். அறிந்திருப்பதும், அவசரத்தில் அது கைக்கு வருவதும் ஒன்றல்ல.

கதிரேசன் தன் கெர்னலை நிறுத்துவதே இல்லை. முதல் கட்டத்திலிருந்து ஓட்டினால் பழைய ஆண்டுகளின் அளவீடுகள் எல்லாம் ஏறக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஒரு முறை ஓட்டிவிட்டு, அப்படியே விட்டுவைத்து, ஒவ்வொரு காலையும் கடைசி நான்கு கட்டங்களை மட்டும் ஓட்டிப் பட்டியலை எடுப்பார். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். தவறான பழக்கம்தான், ஆனால் ஆறு மணிக் கெடு எங்களை அதில் பழக்கிவிட்டது.

அந்தக் கெடுவிலிருந்து விடுபடவே, பிரவுசரைத் திறக்காமல் ஒரு நிரலைக் கொண்டு கெர்னலைத் தொடங்குவது என்று முடிவு செய்தோம். விடியற்காலையில் நிரல் தானே ஒரு புதிய கெர்னலை எழுப்ப வேண்டும். அது தயார் என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். கட்டங்களை முதலிலிருந்து வரிசையாகக் கொடுத்து, பட்டியலை வாங்கிக்கொண்டு, கெர்னலை மூடிவிட வேண்டும். யாரும் ஐந்தரை மணிக்கு வந்து உட்கார வேண்டியதில்லை. நிரலை எழுதும் பொறுப்பை நான் ஏற்றேன். திங்கட்கிழமை தொடங்கி, செவ்வாய் மாலையில் முடித்தேன். புதன் முதல் இரண்டு வாரங்களுக்கு, கதிரேசன் கையால் ஓட்டும் பட்டியலையும் என் நிரல் தரும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. புதன்கிழமை இரண்டு பட்டியல்களும் ஒன்றாகவே இருந்தன.

வியாழக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு இரண்டும் வேறுபட்டன. ஒரே ஒரு தொட்டியில். ஜீயபுரத்தைத் தாண்டிய அதே குடியிருப்பு.

கதிரேசனின் பட்டியல் ‘திறக்கலாம்’ என்றது. என் நிரலின் பட்டியல் ‘நிறுத்துக’ என்றது.

அன்று அந்தக் குடியிருப்பின் அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு. சுற்று வட்டாரத்துக் கர்ப்பிணிகள் எல்லாரும் காலை பத்து மணிக்கு அங்கே கூடுவார்கள். சமையலும் குடிநீரும் அந்தத் தொட்டியிலிருந்துதான். அணையிலிருந்து நீர் திறந்துவிட்டிருந்ததால் ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது; கலங்கல் நீர் குளோரினை விரைவாகத் தின்றுவிடும். கணக்கு பிசகினால் யார் குடிப்பார்கள் என்பதில் ஐயமே இல்லை.

முதலில் நான் என் நிரலைத்தான் சந்தேகித்தேன். புதிய பொருளைச் சந்தேகிப்பது எளிது, அது கோபித்துக்கொள்வதில்லை. மீண்டும் ஓட்டினேன். புதிய கெர்னல் எழுந்தது, ஓடியது, ‘நிறுத்துக’ என்றது. பிறகு கதிரேசனின் மேசைக்குப் போனேன்.

அந்தத் தொட்டியின் கருவி எப்போதும் சிறிது கூட்டிக் காட்டும். மாற்றுக் கருவி வரும்வரை, அதன் அளவீட்டிலிருந்து 0.1 கழிக்கும்படி நோட்புக்கின் முதல் கட்டத்தில் ஒரு திருத்தம் எழுதியிருந்தோம். அன்று கருவி காட்டியது 0.2. திறப்பதற்குக் குறைந்தபட்ச அளவும் அதுவே. திருத்தத்தைக் கழித்தால் 0.1, நிறுத்த வேண்டும். கழிக்காவிட்டால் திறக்கலாம். கதிரேசனின் திரையில் முதல் கட்டத்தில் 0.1 என்றே எழுதியிருந்தது. ஆனால் விடையில் அது கழிக்கப்படவில்லை.

“இந்தத் திருத்தத்துல கை வச்சீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லையே மேடம். அது ஆரம்பத்துல எழுதுனது. அதத் தொட்டே நாளாச்சு.”

“அப்ப ஏன் கழியல?”

அவர் திரையை உற்றுப் பார்த்தார். “கழியலையா?” என்றார். அந்த வியப்பு எனக்கு நடிப்பாகத் தோன்றியது. இன்று எண்ணிப் பார்க்கும்போது, அது நடிப்பாகத் தோன்றியதற்கு அவர் முகத்தில் எந்தக் காரணமும் இல்லை. என் மனத்தில் ஏற்கெனவே சேர்ந்திருந்த பொருள்களே காரணம்.

மணி ஆறு. யார் செய்தது என்பது பிறகு, தொட்டி முதலில். இதை மட்டும் அன்று சரியாகச் செய்தேன். இரண்டு பட்டியல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் மறுத்தேன். கணினிக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். அந்தத் தொட்டியின் ஆபரேட்டர் ராசாத்திக்குப் போன் செய்து, குழாய்த் தண்ணீரில் குளோரின் சோதனைக்கான சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கச் சொன்னேன். குளோரின் இருந்தால் மஞ்சள் ஏறும். அளவுக்கேற்ப அடர்த்தி கூடும்.

“கருவி இருக்கறப்ப அது எதுக்கு மேடம்? அந்தப் பாட்டில எங்க வச்சேன்னே தெரியல.”

“தேடுங்க ராசாத்தி. நான் லைன்லயே இருக்கேன்.”

ஏணிப்படியில் அவர் கால் வைக்கும் ஓசை, ஒரு தகரப் பெட்டியைத் திறக்கும் ஓசை, யாரையோ “தள்ளி நில்லு, குடத்த அப்பறம் வைக்கலாம்” என்று அதட்டுவது எல்லாம் கேட்டன. பிறகு குரல்:

“மேடம், மஞ்சளும் இல்ல, ஒண்ணும் இல்ல. இளநித் தண்ணி மாதிரி இருக்கு. நல்லா உத்துப் பாத்தா லேசா இருக்கற மாதிரி இருக்கு.”

“திறக்காதீங்க. பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்திட்டு, அரைமணி நேரம் கழிச்சு மறுபடியும் பாருங்க. மஞ்சள் ஏறுனா மட்டும் திறங்க. அடிபம்புக்கு யாரும் போகாம பாத்துக்குங்க.”

“குடத்தோட நிக்கறவங்களுக்கு என்ன சொல்லறது?”

“ஏழேகாலுக்கு நல்ல தண்ணி வரும்னு சொல்லுங்க.”

ஆக, என் நிரல் சொன்னதே சரி. நான் மூச்சுவிட்டேன். அந்த மூச்சோடு என் எச்சரிக்கையும் வெளியே போய்விட்டது. என் பக்கம் சரி என்று தெரிந்த கணத்திலிருந்து, எதிர்ப்பக்கத்தில் தவறு என்பதிலிருந்து குற்றம் என்பதற்கு ஒரே எட்டில் போனேன்.

எங்கள் திட்டத் தலைவர் திருவானைக்காவலில் குடியிருந்தார். அவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். “தாள்ல எழுதியிருக்கறது ஒண்ணு சார், ஓடியிருக்கறது ஒண்ணு. யாரும் கை வைக்காம இது நடக்காது. அந்த ஊர்ல கதிரேசனுக்கு உறவு இருக்கு. போன மாசமே தொட்டிய மூடக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டிருந்தார்” என்றேன்.

“அவர இன்னிக்கு சிஸ்டத்தத் தொட விடாதீங்க. ஊர்ல நான் பேசிக்கறேன்” என்று தலைவர் போனை வைத்துவிட்டார்.

நான் திரும்பியபோது கதிரேசன் கதவருகே நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“மேடம், என் கொழுந்தியா சரண்யா ஏழு மாசம். தலப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கா. இன்னிக்கு வளையல் போட்டுக்கப் போற வரிசையில அவளும் இருக்கா. அந்தத் தொட்டித் தண்ணியத்தான் குடிக்கறா. நான் கெட்ட தண்ணிய அவளுக்கே அனுப்புவேனா?”

சிஸ்டத்தை அவர் தொடக் கூடாது என்று தலைவர் சொன்னதை மட்டும் சொன்னேன். அவர் உறவு அங்கே இருப்பது ஒரே செய்திதான். நான் அதைக் குற்றத்துக்கான நோக்கமாகப் படித்திருந்தேன். அவர் அதையே குற்றமின்மைக்கான சான்றாக என் முன் வைத்தார். ஒரே எண்ணை இரு வழியில் படிக்க முடியும் என்றால், அந்த எண் எதையும் நிரூபிக்கவில்லை என்பது பட்டப்படிப்பின் முதல் ஆண்டிலேயே எனக்குக் கற்பிக்கப்பட்ட பாடம்.

“சிஸ்டத்தத் தொட மாட்டேன், கவலப்படாதீங்க. நீங்களே தொடுங்க. நான் சொல்றத மட்டும் பாருங்க,” என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது, நடுக்கம் இல்லை. “முதல் கட்டத்துக்குப் பக்கத்துல என்ன நம்பர் இருக்கு?”

ஒவ்வொரு கட்டமும் ஓடும்போது கெர்னல் அதற்கு ஒரு வரிசை எண் இடும். “ஒண்ணு,” என்றேன்.

“நான் அத மாத்தி ஓட்டியிருந்தா அந்த ஒண்ணு ஒண்ணாவே இருக்குமா?”

“புதுசா ஒரு கட்டம் போட்டு, அதுல மாத்திட்டு, கட்டத்த அழிச்சிருக்கலாம்.”

“இருக்கலாம். அப்ப நடுவுல நம்பர் விட்டுப்போயிருக்கணும். தெனமும் ஓட்டி முடிச்சதும் ஒரு நகல் எடுத்து வைப்பேன், அது உங்களுக்கே தெரியும். ஒவ்வொண்ணாத் திறங்க.”

திறந்தேன். திங்கட்கிழமை காலை கடைசியாக ஓடிய கட்டம் 56. செவ்வாய்க்கிழமை காலை முதலில் ஓடிய கட்டம் 59. நடுவில் இரண்டு எண்கள் இல்லை.

“அம்பத்தி ஏழும் அம்பத்தி எட்டும் எங்க மேடம்?” என்றார் கதிரேசன்.

ஒரு கணம், அகப்பட்டுக்கொண்டார் என்றே நினைத்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். தன் மீதான சந்தேகத்தை வலுப்படுத்தும் இடத்தை அவரே விரல் வைத்துக் காட்டுகிறார். குற்றம் செய்தவர் அதைச் செய்வாரா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“எனக்குத் தெரியலன்னுதான் உங்களக் கேக்கறேன். திங்கக்கிழம பதினோரு மணிக்கு மேல நான் இங்க இல்ல. கடவாய்ப் பல்லு புடுங்கப் போயிட்டேன். வேணும்னா வாயத் தொறந்து காட்டறேன், சாட்சி இன்னும் வீங்கிக் கெடக்கு.”

கெர்னல்கள் ஓடும் சர்வரில் நுழைய எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பயனர் பெயர்தான். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேல் அங்கே இருந்தவர் நான் ஒருத்திதான்.

என் குறிப்பேட்டை எடுத்தேன். புதிய வேலை எதையும் தொடங்கும்போது கையால் குறிப்பு எழுதுவது என் வழக்கம். திங்கட்கிழமைப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: ‘பிரவுசர் இல்லாமல் கெர்னல் பதில் தந்தது!’ கீழே, திரையில் பார்த்தபடியே இரண்டு வரிகள். முதல் வரி, திருத்தத்துக்குப் பூச்சியம் என்று மதிப்புக் கொடுத்தது. இரண்டாவது வரி, அதைத் திருப்பிக் கேட்டது. பக்கத்தில் அந்த எண்களையும் எழுதியிருந்தேன். 57. 58.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை நான் கெர்னலைத் தொடங்கும் பகுதியை இன்னும் எழுதியிருக்கவில்லை. அதனோடு பேசும் பகுதியை மட்டும் எழுதிச் சோதித்தேன். எந்தக் கெர்னலோடு பேச வேண்டும் என்று பெயர் சொல்லாவிட்டால், கடைசியாகப் பயன்பட்ட கெர்னலைத் தானே தேடிப் பிடித்துக்கொள்வது அந்தக் கருவியின் இயல்பு. என்னுடையதைப் புதிய வேலைக்காக நான் மூடியிருந்ததால், அன்று சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. கதிரேசன் நிறுத்தாமல் விட்டுப்போயிருந்தது. நான் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிட்டதாக நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். உண்மையில் அவருடைய கெர்னலின் காதில் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். கேட்கிறதா என்று பார்க்க, தெரிந்த பெயர் ஒன்றை எடுத்து அதற்குப் பூச்சியம் கொடுத்தேன். அது கேட்டுக்கொண்டது. நினைவிலும் வைத்துக்கொண்டது. அவர் முதல் கட்டத்தை மறுபடி ஓட்டாததால், தாளில் 0.1 என்று எழுதியிருக்க, கெர்னலின் நினைவில் பூச்சியம் அமர்ந்திருந்தது.

அப்போதே பிறந்த கெர்னல் என்றால் முதல் பதிலுக்கு ஒன்று என்றுதான் எண் இட்டிருக்க வேண்டும். ஐம்பத்தேழு என்று சொல்லிக்கொண்டு அது என் முன் நின்றது. நான் அதைக் கண்டேன், கையாலும் எழுதினேன், பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டேன். பதில் வந்த மகிழ்ச்சியில், பதில் சொல்வது யார் என்று கேட்கவில்லை. இனி நீங்கள் நிரலின் வழியாக ஒரு கெர்னலைத் தொடங்கும்போது, அதற்கு எதையும் சொல்வதற்கு முன்னால், அதற்குத் தெரிந்திருக்கக் கூடாத ஒன்றைக் கேளுங்கள். தெரியாது என்று பிழை காட்டினால் அது உங்களுடையது. தெரியும் என்றால் உடனே கையை எடுங்கள்; நீங்கள் வேறொருவரின் வேலைக்குள் நிற்கிறீர்கள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. புதன்கிழமை பட்டியல்கள் ஒத்திருந்தன என்று நிறைவடைந்தோமே, நாங்கள் ஒப்பிட்டது ‘திறக்கலாம்’, ‘நிறுத்துக’ என்ற முடிவுகளை மட்டும். எண்களை ஒப்பிடவில்லை. அன்று குளோரின் தாராளமாக இருந்ததால், 0.1 குறைந்தாலும் கூடினாலும் முடிவு மாறவில்லை. எண்களைப் பார்த்திருந்தால் ஒரு நாள் முன்னதாகவே பிடிபட்டிருக்கும்.

“கதிரேசன், நான்தான்,” என்றேன்.

அவர் என் குறிப்பேட்டைப் படித்தார். நெடுநேரம் படித்தார், இரண்டே வரிகள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“புதன் சரி. செவ்வாய்?” என்றார்.

செவ்வாய்க்கிழமை என் நிரல் இன்னும் முடியவில்லை. ஒப்பிட எதுவும் இல்லை. அன்றைய அளவீட்டைத் திருத்தத்தோடு மீண்டும் கணக்கிட்டேன். கருவி காட்டியது 0.25. உண்மையில் 0.15. திறந்திருக்கக் கூடாது, திறந்திருந்தார்கள். ஒரு நாள் முழுவதும் அந்தக் குடியிருப்பு அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தது.

தலைவருக்குப் போன் செய்து, கதிரேசனுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, உண்மையைச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். “நான் ஊர்ல பேசிட்டேனே மேடம். உங்க ஊர் மாப்பிள்ளதான் அளவ மறைச்சிட்டாருன்னு பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட சொல்லிட்டேன். சரி, மறுபடி போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த கதிரேசன், “போன் வேணாம் மேடம். பழிதான் போன்ல போச்சு. நீங்க பஸ்ல போங்க” என்றார்.

நான் பஸ்ஸில் போனேன். ஏழேகாலுக்கு மஞ்சள் ஏறியதும் தண்ணீர் திறந்துவிட்டதாக வழியிலேயே ராசாத்தியின் செய்தி வந்தது. அது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. கரூர் சாலையில் வாழைத் தோப்புகளுக்கு இடையே பஸ் போய்க்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் எதைச் சொல்வது, எப்படிச் சொன்னால் பீதி உண்டாகாது, எதை விட்டுவிட்டால் அது பொய்யாகிவிடும் என்று மனத்துக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

அங்கன்வாடியின் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். கன்னத்தில் சந்தனமும் கழுத்தில் மாலையுமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். ராசாத்தி என்னை அடையாளம் கண்டு, “இவங்கதான் அந்த மேடம்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நான் சுருக்கமாகச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை விட்ட தண்ணீரில் மருந்தின் அளவு குறைவாக இருந்தது. அதற்குக் காரணமான தவறு என்னுடையது. கதிரேசன் எதையும் மறைக்கவில்லை, தவறைக் கண்டுபிடித்ததே அவர்தான்.

ஒரு முதியவர், “காலைல வேற மாதிரியில்ல சொன்னாங்க? பெரிய எடத்துல தப்பு வந்தா சின்ன எடத்துல எறக்கி வைக்கறது வழக்கந்தானே” என்றார். யாரோ சிரித்தார்கள். நான் சொன்னதை அவர்கள் முழுமையாக நம்பவில்லை. கதிரேசனைக் காப்பாற்ற ஏற்பாடு செய்துகொண்டு வந்திருப்பதாகக்கூடச் சிலர் நினைத்தார்கள். முதலில் போய்ச் சேர்ந்த செய்திக்குத்தான் உட்கார இடம் கிடைக்கிறது. பின்னால் வருவது நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

வரிசையின் கடைசியில் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் சரண்யா,” என்றாள். “மாமா பத்தித் தெரியும் எனக்கு. அதுக்கு நீங்க வந்திருக்க வேண்டாம். செவ்வாக்கெழம நான் அந்தத் தண்ணியத்தான் குடிச்சேன். காய்ச்சாமத்தான் குடிச்சேன். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?”

ஆகாது என்று சொல்லும் வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. அந்தப் பந்தலில் இருந்த அனைவரும் அந்த ஒரு வார்த்தையைத்தான் எதிர்பார்த்தார்கள். அதைச் சொல்லியிருந்தால் மஞ்சள் குங்குமம் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

“எனக்குத் தெரியாதும்மா,” என்றேன். “ஆகறதுக்கு வாய்ப்பு குறைவு. ஆனா தெரியாது.”

அவளுடைய அம்மா என்னைத் திட்டினார். நல்ல நாளும் அதுவுமாக இப்படியா பேசுவது என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். அங்கிருந்த கிராம சுகாதாரச் செவிலியர் எழுந்து, காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் உடனே சொல்லும்படியும், ஒரு வாரத்துக்குத் தானே தினமும் வந்து எல்லாரையும் பார்ப்பதாகவும் சொன்னார். சொன்னபடி வந்தார் என்று பிறகு அறிந்தேன். அவர் அப்படி வருவதற்கு, நான் சொன்ன அந்தத் ‘தெரியாது’ தேவைப்பட்டது. அன்று நான் செய்தவற்றுள் எதையாவது நீங்கள் பின்பற்றலாம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எங்களுக்குத் தெரிந்தவரை. சரண்யாவுக்கு இரண்டு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்று கதிரேசன் அலுவலகத்துக்கு இனிப்பு கொண்டுவந்தார். அன்று தலைவரும் வந்திருந்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே, ஆண்டறிக்கைக்காக நோட்புக்கைப் புரட்டியவர், அந்தச் செவ்வாய்க்கிழமை வரியில் நின்றார். ‘திறந்திருக்கக் கூடாது, திறக்கப்பட்டது’ என்று நான் அந்த வியாழக்கிழமையே எழுதி, பக்கத்தில் காரணத்தையும் என் பெயரையும் சேர்த்திருந்தேன்.

“இது இன்னும் எதுக்கு மேடம்? அதான் ஒண்ணும் ஆகலையே. படிக்கறவங்க வீணா சந்தேகப்படுவாங்க. எடுத்துடலாமே,” என்றார்.

நான் எடுக்கத் தயாராக இருந்தேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஓய்வு பெற ஒன்றரை ஆண்டுதான் இருந்தது, குழந்தை நலமாக இருந்தது, தலைவரே சொல்கிறார். கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோனேன்.

கதிரேசன் இனிப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

“ஒண்ணும் ஆகலங்கறது நம்ம செஞ்சது இல்ல சார். அந்த வரிதான் நம்ம செஞ்சது. அது இருக்கட்டும்.”

இருக்கிறது. நோட்புக்கைத் திறந்து கீழே இறங்கினால் நீங்கள் அதைப் பார்ப்பீர்கள்.